களையும் பயிரும்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த பழம்பதி திருப்பெரும்புதூர். இராமானுசர் பிறந்த ஊர் என்று நெடுங்காலம் போற்றப்பட்ட அவ்வூர், பிற்காலத்தில் தொழிற்சாலைகளாலும் பெயர் பெற்றது. அதனை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் நிறுவனத்தார் கார் உற்பத்தியைத் தொடங்கினர். தெற்கே ஒரகடத்திலும் வண்டித் தொழிற்சாலைகள் பல எழுந்தன. ஏரிநீர் பாய்ந்த ஊர்களில் ஆலைச் சங்கின் ஒலி கேட்கலாயிற்று.

ஊருக்கு வந்த செல்வம் எல்லார் வீட்டிலும் ஒருபடித்தாய் நுழைவதில்லை. நிலம் விற்ற பணம் சில ஆண்டுகளில் கரைந்துபோன வீடும் உண்டு. தாயும் தந்தையும் இரவும் பகலும் மாறிமாறி ஒப்பந்தக் கூலிக்கு உழைக்க, பிள்ளை கேட்பாரின்றித் திரியும் வீடும் உண்டு. 2006-இல் அங்கே தொடங்கிய நோக்கியா அலைபேசித் தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டபோது, இளந்தொழிலாளர் பலர் ஒருசேர வேலை இழந்தனர். இத்தகைய சூழலில் வளரும் சிறுவன் ஒருவன் பள்ளியை விட்டு, தீயோர் நட்பில் வீழ்ந்து, பிறர் பொருளைக் கவர்ந்தான் எனின் அவனை என் செய்வது?

"தண்டித்தால் அவன் அஞ்சுவான், அவனைக் கண்டு ஏனையோரும் அஞ்சுவர்" என்பர் ஒரு சாரார். இக்கூற்றை எளிதில் தள்ளிவிடலாகாது. பொருள் இழந்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் நீதி வேண்டும். வறியோர் யாவரும் திருடுவதில்லை. ஆதலின் தீச்செயலுக்கு அதனைச் செய்தவனே பொறுப்பேற்றல் கடன். வள்ளுவரும் கொடியோரை ஒறுத்தலை, பயிர் காக்கக் களை எடுத்தலோடு ஒப்பிட்டார். ஆயின் அவரே மருந்து என்னும் அதிகாரத்தில், நோயின் மூலத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்றும் உரைத்தார். களையைப் பிடுங்குதல் உழவன் தொழில். நீரின்றி வாடிய இளம்பயிரைக் களையென்று பிடுங்குதல் உழவாகுமோ?

இவ்வேறுபாட்டைத் தமிழகம் முன்னரே உணர்ந்தது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வழியாகத் தெற்கே சென்றால் செங்கற்பட்டை அடையலாம். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே சிறுவர்க்கெனச் சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. முதிர்ந்த குற்றவாளிகளோடு சிறையில் அடைபடும் சிறுவன் அவர்களிடம் குற்றத்தையே கற்று மீள்வான் என்பதை அறிஞர் கண்டனர். 1920-இல் சென்னைச் சிறுவர் சட்டம் பிறந்தது. இந்திய மாகாணங்களில் இயற்றப்பட்ட இவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் அதனைப் பின்பற்றின.

2012-இல் தில்லியில் நிகழ்ந்த கொடுஞ்செயலில் 18 வயது நிரம்பாத ஒருவனும் பங்கு கொண்டான். அதனால் கடுந்தண்டனை வேண்டும் என்னும் குரல் நாடெங்கும் ஓங்கியது. அதன்பின் வந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டம், மிகக் கொடிய குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதினரை, தக்க ஆய்வுக்குப் பின் பெரியோரைப் போல விசாரிக்க இடந்தந்தது. எனினும் சிறுவர்க்கு மரண தண்டனையை அச்சட்டமும் விலக்கிற்று. நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமர்ந்த இளைஞர் நீதிக் குழுமம், சிறுவனது செயலோடு அவன் குடும்ப நிலையையும் கேட்டறிய வேண்டும் என விதித்தது.

சட்டம் நன்றாயினும் அதனை நடத்துவோர் நெஞ்சமும் நன்றாதல் வேண்டும். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டுச் செங்கற்பட்டிலுள்ள சிறுவர் இல்லத்திற்கு அனுப்பப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன், 2022-ஆம் ஆண்டின் இறுதியில், சில நாள்களுக்குள் உயிரிழந்தான். அவனை அடித்ததாக இல்லப் பணியாளர் சிலர் கைது செய்யப்பட்டனர். பின்னர் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் ஆணையமாக அமர்த்தி, இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராயச் செய்தது. களவுபோன பொருளுக்கு ஈடு உண்டு. போன உயிருக்கு ஈடு யாது?

ஆகவே, தவறிய சிறுவனைத் தன் பிழை உணரச் செய்தலும், அப்பிழைக்கு நிலமான குறைகளை நீக்குதலும் ஒருங்கே நடைபெறல் வேண்டும். பள்ளியை விட்டவனை மீண்டும் பள்ளிக்கு அழைத்தல் ஆசிரியர் கடன். கைத்தொழில் பயிற்றி வேலை தருதல் அரசுக்கும் ஆலைக்கும் கடன். திருந்தி வந்தவனைப் பழம்பெயர் சொல்லிச் சுட்டாமல் ஏற்றுக்கொள்ளுதல் ஊரார் கடன். இல்லத்தின் கதவு திறந்து அவன் வெளிவரும் நாளில், தெருவின் கதவுகள் அடைபட்டிருப்பின், அவன் செல்லும் வழி பழைய வழியே ஆகும்.