பழைய தபால் தலை என்ன விலை போகும்?

1947-இல் நாடு பிரிந்தது. சிந்து மாகாணத்திலிருந்து அகதிகள் வந்தார்கள். கல்யாண் அருகே ராணுவ முகாமில் தங்கினார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி அங்கே அடிக்கல் நாட்டினார். அதுவே உல்லாஸ்நகர். இன்றும் மக்கள் 'கேம்ப்' என்றே சொல்கிறார்கள். தமிழர்களும் பிழைப்புத் தேடி இங்கே வந்தார்கள்.

ஊரிலிருந்து கடிதங்கள் வரும். பலர் அவற்றைப் பெட்டியில் பத்திரமாக வைத்தார்கள். அவற்றில் ஒட்டிய தபால் தலைக்கு இன்று விலை உண்டா?

பழையது எல்லாம் விலை உயர்ந்தது அல்ல

உலகின் முதல் தபால் தலை 1840-இல் இங்கிலாந்தில் வந்தது. அதன் நிறம் கறுப்பு. 6 கோடிக்கும் மேல் அச்சிட்டார்கள். ஆகவே அது மிகப் பழையது. ஆனால் மிக அரியது அல்ல.

1971-இல் வங்கதேச அகதிகள் லட்சக் கணக்கில் இந்தியா வந்தார்கள். அவர்களுக்கு உதவ அரசு 5 பைசா தலை வெளியிட்டது. கடிதங்களில் அதையும் சேர்த்து ஒட்ட வேண்டும். 1973 மார்ச் வரை இது நடந்தது. பழைய கடிதங்களில் இதை நிறையப் பார்க்கலாம். நிறைய இருப்பதால் சாதாரணத் தலைக்கு விலை குறைவு.

அரியது விலை போகும்

1852-இல் சிந்து மாகாணத்தில் அரை அணா தலை வந்தது. ஆசியாவின் முதல் தபால் தலை இதுதான். வட்டமாக இருக்கும். சிவப்புத் தலை அரக்கில் செய்தது. எளிதில் உடைந்தது. மிஞ்சியவை மிகச் சில. அதனால் அதற்குப் பெரும் விலை.

1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தியடிகள் தலைகள் நான்கு வெளிவந்தன. அவற்றில் ஒன்று 10 ரூபாய்த் தலை. சிலவற்றின் மேல் மட்டும் 'சர்வீஸ்' என்று அச்சிட்டார்கள். அவை கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்கு உரியவை. அப்படிப்பட்ட நான்கு தலைகள் 2017-இல் இங்கிலாந்தில் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றன. நம் பணத்தில் சுமார் 4 கோடி ரூபாய். அதே வரிசையின் ஒன்றரை அணா தலை அந்த விலை போகாது. அது பலரிடம் இருக்கிறது.

எப்படிப் பாதுகாப்பது?

● தலையை உறையிலிருந்து பிய்க்க வேண்டாம். தெளிவான முத்திரையுடன் முழு உறை இருந்தால் மதிப்பு கூடலாம்.
● ஓரத்துப் பல் உடைந்தால், கிழிந்தால், கறை பட்டால் விலை குறையும்.
● ஆல்பத்தில் பசை போட்டு ஒட்ட வேண்டாம்.
● மழைக்கால ஈரம் படாமல் வைக்க வேண்டும்.

ஏமாற வேண்டாம்

"உங்கள் பழைய நாணயத்துக்கு லட்சம் ரூபாய். முதலில் கட்டணம் கட்டுங்கள்." இப்படிச் சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பணம் பறித்தார்கள். 2021-இல் ரிசர்வ் வங்கி மக்களை எச்சரித்தது. தபால் தலைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பொருளை வாங்குபவர்தான் பணம் தர வேண்டும். விற்பவர் எதற்குக் கட்டணம் கட்ட வேண்டும்?

அவசரப்பட்டு ஒருவரிடமே விற்கவும் வேண்டாம். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மும்பை தலைமைத் தபால் நிலையத்தில் தபால் தலை சேகரிப்போருக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கே புதிய தலைகள் வாங்கலாம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம்.

பெட்டியில் உள்ள தலை பெரிய விலை போகாமல் இருக்கலாம். ஆனால் உறைக்குள் அப்பா எழுதிய கடிதம் இருக்கிறதா? இப்போது நீங்களே அதைப் படிக்கலாம்.

பயிற்சி

1. ஆசியாவின் முதல் தபால் தலை எந்த மாகாணத்தில் வந்தது?
2. 5 பைசா அகதிகள் உதவித் தலைக்கு ஏன் விலை குறைவு?
3. முன்பணம் கேட்பவரிடம் என்ன சொல்வீர்கள்?
4. கணக்கு: ஒருவரிடம் 5 பைசா தலைகள் 200 உள்ளன. அவற்றில் அச்சிட்ட மதிப்பு மொத்தம் எத்தனை ரூபாய்?