மோதிரமும் மைதானமும்



இராமபிரான் கொடுத்த கணையாழியை அனுமன் கடல் கடந்து கொண்டுசென்று, அசோகவனத்திலே சீதாப்பிராட்டியிடம் பத்திரமாக ஒப்படைத்தார். காளிதாசரின் சாகுந்தலத்திலோ, துஷ்யந்தன் கொடுத்த மோதிரம் சகுந்தலை தீர்த்தத்தை வணங்கும்போது விரலிலிருந்து நழுவி நீரில் விழுந்துவிட்டது. பின்னர் அது ஒரு மீனின் வயிற்றிலிருந்து கிடைக்கும் வரையில் அவள் பட்ட துன்பம் எல்லோரும் அறிந்ததே. மோதிரம் சிறிய பொருள்தான். ஆனால் அதனை எங்கே, எப்படி வைத்திருக்கிறோம் என்பது சிறிய விடயம் அல்ல.

கோடை காலம் வந்தால் எம்மவர் மத்தியில் விளையாட்டுப் போட்டிகளுக்குக் குறைவில்லை. துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், கயிறிழுத்தல் என்று சிறுவர் முதல் தாத்தாமார் வரை மைதானத்தில் இறங்குகின்றனர். பலருடைய விரல்களில் கல்யாண மோதிரமோ, நவரத்தின மோதிரமோ, பிறந்தநாளுக்கு அம்மம்மா போட்ட மோதிரமோ இருக்கும். அதனால் விரலுக்கும் மோதிரத்துக்கும் என்ன நேரலாம், எவ்வாறு தவிர்க்கலாம் என்பதனை இக்கட்டுரையில் பார்ப்போம்.

1. விரலுக்கு நேரக்கூடியது

எமது விரலின் இரு பக்கத்திலும் இரண்டு சிறிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றோடு நரம்புகளும் செல்கின்றன. இக்குழாய்களின் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். விரலை மடக்கி நீட்டும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் உள்ளன. அங்கிருந்து நீண்ட நாண்கள் வந்து விரலை இயக்குகின்றன.

ஒருவர் வேலி மேலிருந்து கீழே குதிக்கிறார், அல்லது கூடைப்பந்து வளையத்தைத் தொட எம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மோதிரம் ஒரு கொக்கியிலோ கம்பியிலோ மாட்டிக்கொண்டால், உடலின் முழுப் பாரமும் ஒரு நொடியில் அந்த ஒற்றை வளையத்தில் தொங்கும். தங்கம் அறுவதில்லை, விரல்தான் விட்டுக்கொடுக்கும். கையுறையை இழுத்துக் கழற்றுவதுபோல் தோலும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உரிந்து வந்துவிடலாம். சில வேளைகளில் நாண் முன்கையிலிருந்தே பிடுங்கப்பட்டு வருவதும் உண்டு.

அமெரிக்கக் கைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஊர்பானியாக்கும் அவரது சகாக்களும் 1981ஆம் ஆண்டில் இக்காயங்களை மூன்று வகையாகப் பிரித்தனர். முதலாவது வகையில் விரலுக்கு இரத்த ஓட்டம் போதிய அளவு இருக்கும். இரண்டாவதில் இரத்த ஓட்டம் போதாது. நுணுக்குக்காட்டியின் உதவியுடன் குழாய்களைத் தைத்தால்தான் விரல் பிழைக்கும். மூன்றாவதில் விரல் முழுமையாக உரிந்துவிடும் அல்லது துண்டாகிவிடும். இந்த மூன்றாவது வகையில் விரலை மீட்பது மிகக் கடினம்.

2. நடந்த இரு சம்பவங்கள்

2004 டிசம்பர் 5ஆம் திகதி சுவிற்சர்லாந்தில் நடந்த உதைபந்தாட்டப் போட்டியொன்றில், சேர்வெற் கழகத்தின் வீரர் பவுலோ டியோகோ ஒரு கோலுக்கு வழிவகுத்தார். மகிழ்ச்சியில் ஓடிச்சென்று மைதானத்தைச் சுற்றியிருந்த வேலியில் ஏறினார். அவர் அப்போதுதான் திருமணம் செய்திருந்தவர். கீழே குதித்தபோது கல்யாண மோதிரம் வேலியில் மாட்டி விரலின் பெரும்பகுதி அறுந்துபோயிற்று. குதித்து இறங்கிய பின்னரே அவர் அதனை உணர்ந்தார். அளவுக்கு மீறிக் கொண்டாடியதற்காக நடுவர் மஞ்சள் அட்டையும் காட்டினார். துண்டான விரலை மீண்டும் பொருத்த முடியவில்லை.

இரண்டாவது சம்பவம் மைதானத்தில் நடந்ததல்ல. 2015 யூன் மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஜிம்மி ஃபலன் தன் வீட்டுச் சமையலறையில் விரிப்பொன்றில் தடுக்கி விழுந்தார். விழும்போது மோதிரம் மேசை விளிம்பில் மாட்டிக்கொண்டது. ஆறு மணி நேரச் சத்திரசிகிச்சையில் காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து விரலில் பொருத்தினார்கள். பத்து நாட்கள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அவருடைய விரல் பிழைத்தது.

வீட்டுக்குள் ஒரு தடுக்கலே இவ்வளவு செய்யுமானால், ஓடியும் பாய்ந்தும் ஏறியும் ஆடும் இடத்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். பந்து அயல் வளவுக்குள் விழுந்தால் வேலி ஏறி எடுக்கப் போகும் எமது பிள்ளைகளுக்கு இதனைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

3. வீக்கம் என்னும் மெல்லிய ஆபத்து

மோதிரம் எங்கும் மாட்டாவிட்டாலும் ஆபத்து உண்டு. துடுப்பாட்டப் பந்தின் நிறை ஏறத்தாழ 160 கிராம். அதனைப் பிடிக்கும்போதோ, கரப்பந்தைத் தடுக்கும்போதோ விரலில் அடிபட்டால் சில நிமிடங்களில் வீங்கும். வீங்கிய விரலில் இருக்கும் மோதிரம் இறுகக் கட்டிய கயிறுபோல இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். எனவே கையில் எங்கு அடிபட்டாலும், வீக்கம் வருமுன் முதலில் செய்யவேண்டியது மோதிரத்தைக் கழற்றுவதே.

உடற்பயிற்சிக்கூடத்தில் பாரம் தூக்கும்போதும், கயிறிழுத்தலின்போதும் மோதிரத்துக்கும் கம்பிக்கும் அல்லது கயிற்றுக்கும் இடையில் தோல் நசிபடும். மோதிரமும் வளையும், வளைந்த மோதிரம் பின்னர் இலகுவில் கழலாது.

4. மோதிரத்துக்கு நேரக்கூடியது

எம்மவர் பெரும்பாலும் அணிவது 22 கரட் தங்கம். இதில் 91.6 வீதம் சுத்தத் தங்கம். இந்நாட்டுக் கடைகளில் அதிகம் காணப்படும் 9 கரட்டில் 37.5 வீதமே தங்கம். சுத்தம் கூடக்கூட மென்மையும் கூடும். அதனால் எமது மோதிரங்கள் மற்றவர்களுடையதைவிட விரைவில் வளையும், தேயும். கல்லைப் பிடித்திருக்கும் சிறு நகங்கள் தேய்ந்து விரிந்தால் கல் விழுந்துவிடும். புல்வெளியில் விழுந்த கல்லைத் தேடி எடுப்பது முயற்கொம்புதான்.

நவரத்தின மோதிரம் அணிபவர்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். வைரத்தின் கடினம் மோஸ் அளவையில் 10. முத்தும் பவளமும் ஏறத்தாழ 3 முதல் 4 வரைதான். இவை இரண்டும் சுண்ணாம்புச் சத்தினால் ஆனவை. மண்ணில் உரசினால் கீறுபடும், வியர்வையாலும் நீச்சல் தடாகத்தின் குளோரினாலும் மங்கிவிடும்.

நீச்சலுக்குப் போகும்போது இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். குளிர் நீரில் விரல் சுருங்கும். வீட்டிலே இறுக்கமாயிருந்த மோதிரம் கடலில் தானாக நழுவும். சகுந்தலைக்கு நேர்ந்தது எமக்கும் நேரலாம். மீன் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

5. விளையாட்டு விதிகள் சொல்வது

உதைபந்தாட்ட விதிகளின் நான்காவது விதி மோதிரம், சங்கிலி, தோடு, காப்பு உட்பட எல்லா நகைகளையும் தடைசெய்கிறது. பிளாஸ்ரர் ஒட்டி மறைப்பதற்கும் அனுமதி இல்லை. சர்வதேச கூடைப்பந்து விதிகளும் நகைகளை அனுமதிப்பதில்லை. கரப்பந்தாட்ட விதிகள் காயம் விளைவிக்கக்கூடிய எப்பொருளையும் அணியக்கூடாது என்கின்றன. நடுவர் கழற்றச் சொன்னால் அவர் எமது பண்பாட்டை மதிக்கவில்லை என்று முரண்பட வேண்டாம். கல் வைத்த மோதிரம் எதிரணிப் பிள்ளையின் கண்ணில் பட்டால் யார் பொறுப்பு?

பிளாஸ்ரர் சுற்றினால் போதாதா என்று சிலர் கேட்பர். அது கல்லை மூடும், மற்றவரைக் கீறாமற் காக்கும். ஆனால் மோதிரம் மாட்டி இழுபடுவதையோ, விரல் வீங்குவதையோ அது தடுக்காது. சிலிக்கோன் மோதிரங்களும் இப்போது கிடைக்கின்றன. பலமாக இழுபட்டால் அவை அறுந்துவிடுவதால் விரல் தப்பும். உடற்பயிற்சிக்கூடத்துக்கும் தோட்ட வேலைக்கும் இவை நல்லவை. ஆனால் உதைபந்தாட்டத்தில் அவற்றையும் கழற்றத்தான் வேண்டும்.

6. கல்யாண மோதிரத்தைக் கழற்றலாமா?

இதுதான் பலரும் தயங்கும் கேள்வி. குறிப்பாகப் பெரியவர்கள், கல்யாண நாளில் போட்டதைக் கழற்றுவது நல்லதல்ல என்பர். அவர்களின் மனதைப் புண்படுத்தாமல் ஒன்றைச் சொல்லலாம். எமது கிரியைகளில் ஐயர் மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம் அணிவிக்கிறார். அதைவிடப் புனிதமான மோதிரம் எமக்கு எது? அதனையும் கிரியை முடிந்ததும் கழற்றிவிடுகிறோம். உரிய வேளையில் அணிவதும் உரிய வேளையில் கழற்றுவதும் எமது மரபிலேயே உள்ளது. எமது திருமணத்தில் மங்கலச் சின்னம் தாலி. மோதிரம் அன்பின் அடையாளம். அந்த அன்பு ஒரு மணி நேரம் மோதிரம் இல்லாததால் குறைந்துவிடாது. விரலை இழந்தவருக்கோ அதன் பின் மோதிரம் போட அந்த விரலே இல்லை.

7. கழற்றிய மோதிரம் எங்கே?

கழற்றினால் தொலைந்துவிடும் என்ற பயம் நியாயமானது. காற்சட்டைப் பையும், சப்பாத்தின் உள்ளும், மரத்தடியில் வைத்த பையும் பாதுகாப்பான இடங்கள் அல்ல. எனது ஆலோசனை மிக எளிது. விளையாட்டு நாளில் மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டிலும் அதற்கென்று ஒரே இடம் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வைப்பவர்தான் தேடுவார்.

மறந்து அணிந்து வந்துவிட்டால், விளையாடாத குடும்பத்தவர் ஒருவரிடம் கொடுங்கள். அணியின் பொறுப்பாளர் பலருடைய நகைகளை வாங்கி வைப்பதாயின், ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் இட்டு, பெயர் எழுதி, கொடுக்கும்போதும் வாங்கும்போதும் கையொப்பம் பெறவேண்டும். இது நம்பிக்கையில்லாமையால் அல்ல. கணக்கு எழுதிவைத்தால் உறவு கெடாது.

8. பெறுமதியும் காப்புறுதியும்

நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது எம்மில் பலருக்கு மிஞ்சிய சேமிப்பு உடலில் இருந்த நகை மாத்திரமே. அந்த நகைக்குப் பற்றுச்சீட்டு கிடையாது. இங்கே 1973ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒரு கிராமுக்கு மேற்பட்ட தங்க நகையைத் தங்கம் என்று விற்பதற்குத் தர முத்திரை வேண்டும். ஊரில் பத்தர் செய்த மோதிரத்தில் அம்முத்திரை இருக்காது. ஆகவே காணாமற் போனால் அதன் பெறுமதியை நிரூபிப்பது கடினம்.

கணக்காளன் என்ற முறையில் நான் சொல்வது நான்கு. முதலாவது, ஒவ்வொரு நகையையும் நிறுத்து, நிறையைக் குறித்து, அளவுகோலுடன் படம் எடுத்து வையுங்கள். இரண்டாவது, பெறுமதி கூடியவற்றுக்கு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் சான்று பெறுங்கள். தங்க விலை மாறுவதால் சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பியுங்கள். மூன்றாவது, வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை வாசித்து, ஒரு பொருளுக்கு உச்சத் தொகை எவ்வளவு, வீட்டுக்கு வெளியே தொலைந்தால் தருவார்களா என்று பாருங்கள். நான்காவது, இவற்றின் பிரதியொன்றை நகை இருக்கும் இடத்தில் அன்றி வேறிடத்தில் வையுங்கள்.

9. மோதிரம் கழலாவிட்டால்

கையை இதயத்துக்கு மேலாகச் சில நிமிடங்கள் உயர்த்திப் பிடியுங்கள். குளிர் நீரில் வைத்து, பின் சவர்க்காரமோ எண்ணெயோ பூசி மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். அதற்கும் வராவிட்டால் மெல்லிய நூல் ஒன்றின் ஒரு நுனியை மோதிரத்தின் அடியால் உள்ளங்கைப் பக்கமாக நுழையுங்கள். மிகுதி நூலை மோதிரத்தின் விளிம்பிலிருந்து விரல் மூட்டு தாண்டும் வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். பின் உள்ளங்கைப் பக்க நுனியை விரல் நுனியை நோக்கி இழுத்து அவிழ்த்துவர, மோதிரமும் சுற்றின் மேலால் நகர்ந்து வரும்.

விரல் நீலமாகினாலோ, விறைத்தாலோ, முறிவோ காயமோ இருந்தாலோ இந்த முயற்சிகளில் நேரத்தைக் கடத்தாமல் உடனே வைத்தியசாலை செல்லுங்கள். அங்கே மோதிரத்தை வெட்டி எடுக்கும் கருவி உண்டு. வெட்டிய தங்கத்தைப் பத்தர் மீண்டும் பற்றவைத்துத் தருவார். அதற்காக அழவேண்டியதில்லை.

விரல் உரிந்தாலோ துண்டானாலோ 999ஐ அழையுங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான பகுதியைக் கழுவ வேண்டாம். அதனைச் சுத்தமான பிளாஸ்ரிக் பையில் இட்டு, பையை மென்மையான துணியால் சுற்றி, ஐஸ் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் நேரடியாக அதில் படக்கூடாது. நேரத்தையும் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் காயப்பட்டவருக்கு உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

பெற்றோர்களே, அடுத்த போட்டிக்குப் புறப்படுமுன் சப்பாத்து எங்கே, தண்ணீர்ப் போத்தல் எங்கே என்று கேட்கும்போது, கையைக் காட்டு என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் கையையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். பெரியவர்கள் கழற்றினால் பிள்ளைகளும் கழற்றுவார்கள்.

எல்லோரும் நலமுடன் விளையாடி மகிழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக.