இரண்டு பொத்தான் வைத்த மணிக்கூடு

வன்னிக்குள் பற்றரி வர விடாத காலம் ஒன்று இருந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருள், சவர்க்காரம், சீமெந்து என்று நீண்ட பட்டியலில் பற்றரியும் கிடந்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஆட்களுக்குக் குவாட்ஸ் மணிக்கூட்டால் என்ன பயன்? ஓடினது சாவி கொடுக்கிற மணிக்கூடும், கை ஆடும்போது தானாக முறுக்கேறுகிற ஒட்டோமற்றிக்கும்தான். மற்ற ஊர்களில் மேசை லாச்சிக்குள் போய்விட்ட பழைய சீக்கோக்கள் எங்கள் பக்கத்தில் கையிலேயே இருந்ததற்கு அது ஒரு காரணம்.

அவை வந்த வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. அதை ஒட்டியே சவூதி, குவைத், டுபாய் என்று ஆட்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். திரும்பி வந்தவர்களின் கையில் சீக்கோ 5. கொஞ்சம் கூடக் காசு பார்த்தவர்கள், பக்கவாட்டில் இரண்டு பொத்தான் வைத்ததை வாங்கி வந்தார்கள். அதுதான் குரோனோகிராஃப். மேல் பொத்தானை அமத்தினால் நடுமுள் ஓடும், திரும்ப அமத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தான் அதைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்துவிடும். ஊரில் இதற்கு இருந்த ஒரே உருப்படியான வேலை, பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நூறு மீற்றர் ஓட்டத்துக்கு நேரம் எடுப்பது. மற்றப்படி பெருமைக்குத்தான்.

முள்ளிவாய்க்காலில் இருந்துகொண்டு நான் சேர்ப்பதும் இவற்றைத்தான். சுவிஸ் மணிக்கூடுகளை நினைத்து ஏங்குவதில் பொருளில்லை. நடிகர் போல் நியூமன் கட்டிய ரொலெக்ஸ் டேடோனா 2017இல் நியூயோர்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் போனது. அந்த உலகம் வேறு. எங்கள் கைக்கு எட்டுவது சீக்கோ 6139, அதன் அண்ணன் மாதிரி 6138, இடைக்கிடை ஒரு சிற்றிசன். ஆனால் 6139ஐக் குறைத்து எடைபோட வேண்டாம். தானாக முறுக்கேறும் குரோனோகிராஃபை யார் முதலில் செய்வது என்று 1969இல் ஒரு போட்டி நடந்தது. செனித் சனவரியில் அறிவித்தது, ஹோயர், பிரைட்லிங் கூட்டு மார்ச்சில் அறிவித்தது, சீக்கோ சத்தம் போடாமல் மே மாதம் ஜப்பானில் கடையில் வைத்து விற்றது. மஞ்சள் முகப்பு 6139 ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973 நவம்பரில் ஸ்கைலாப் விண்நிலையத்துக்குப் போய் 84 நாட்கள் இருந்தார். அது நாசா கொடுத்த மணிக்கூடு அல்ல, அவருடைய சொந்தம்.

இந்தப் புகழாலேயே கள்ளமும் மலிந்தது. முழுக் கள்ள 6139 அரிது. ஒறிஜினல் மெசினுக்குப் புது முகப்பு ஒட்டின பாதிக் கள்ளம்தான் அதிகம். உலகச் சேகரிப்பாளர்கள் ‘பம்பாய் ஸ்பெஷல்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் சாமான்களும் இந்த வகைதான். பழைய மெசினைக் கழுவி, முகப்பைச் சுரண்டிப் பளிச்சென்று புது வர்ணம் அடித்து அனுப்புவார்கள். சீக்கோ, சிற்றிசன், எச்.எம்.டி. ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

கள்ளத்தைக் கண்டுபிடிக்க, முதலில் மணிக்கூட்டைத் திருப்பிப் பிடியுங்கள். பின்மூடியில் 6139-6002 என்பது போல ஒரு எண் இருக்கும். முதல் நான்கும் மெசின், பின் நான்கும் உடல். அதோடு தொடர் எண் ஒன்றும் இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி என்ற ஆங்கில எழுத்துகள். 6139 ஓடியது 1969 முதல் எழுபதுகளின் இறுதிவரை என்பதால் பத்தாண்டுக் குழப்பம் பெரிதாக வராது.

பிறகு முகப்பின் அடி விளிம்பில், ஆறுமணிக்குக் கீழே, மயிரிழை எழுத்தில் இன்னொரு எண் தேடுங்கள். அதுவும் 6139 என்றுதான் தொடங்க வேண்டும். பின் நான்கு இலக்கமும் பின்மூடியோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லிப் புதிதாகச் சேர்ப்பவர்கள் நல்ல மணிக்கூடுகளை விட்டுவிடுகிறார்கள். அது ஒத்துப்போகத் தேவையில்லை, முகப்புக்குத் தனி எண் உண்டு. ஒத்துப்போக வேண்டியது வேறு ஒன்று: தண்ணீர் பற்றிய வாசகம். தொடக்கத்தில் சீக்கோ ‘வோட்டர் புரூஃப்’ என்று எழுதியது, 1970 வாக்கில் ‘ரெசிஸ்ட்’ என்று மாற்றியது. முகப்பில் ஒன்றும் பின்மூடியில் மற்றதும் இருந்தால் இரண்டு மணிக்கூட்டை ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

எழுத்தின் ஓரம் கசிந்திருந்தாலும், திகதிச் சன்னலின் விளிம்பு முரடாக இருந்தாலும் கீழே வையுங்கள். முள்ளிலும் முகப்பிலும் உள்ள இரவொளிப் பூச்சு ஒரே நிறத்தில் மங்கியிருக்க வேண்டும். முகப்பில் பழுப்பு, முள்ளில் பச்சை வெள்ளை என்றால் முள் மாறியிருக்கிறது. எல்லாமே பளபளவென்று எரிந்தால் எல்லாமே புதிது. ஐம்பது வயதுப் பூச்சு இரவில் எரியாது.

பொத்தானை அமத்திப் பார்க்காமல் காசை எடுக்கவே கூடாது. சுழியத்துக்குக் கொண்டுவந்தால் நடுமுள் சரியாகப் பன்னிரண்டில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்து நின்றால் யாரோ முள்ளைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பிறகு ஓடவிட்டுக் கதைத்துக்கொண்டிருங்கள். கீழே இருக்கிற சின்ன வட்டம் முப்பது நிமிடம் எண்ணும். அந்த முப்பதும் ஓடி முடியும்வரை தேத்தண்ணி குடிக்கலாம். விற்கிறவர் அவசரப்படுத்தினால் அதுவும் ஒரு சேதிதான். சாவிக் குமிழைப் பாதி அமத்தத் திகதி மாறும், முழுக்க அமத்தக் கிழமை மாறும். குமிழை இழுத்துத் திருகித் திகதி மாற்றிக் காட்டுகிறவருக்கு 6139 தெரியாது, அல்லது உள்ளே இருப்பது 6139 இல்லை.

இதெல்லாம் உலகத்துக்குப் பொது. எங்கள் மண்ணுக்கென்று ஒரு சோதனை உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல். இந்தக் காற்றில் கிடந்த மணிக்கூட்டின் பின்மூடியைத் திறந்தால், ரப்பர் வளையம் இறுகித் தாராகியிருக்கும். அது படிந்த விளிம்பில், உப்பு தின்ற சின்னக் குழிகள் இருக்கும். துருப்பிடிக்காத உருக்கையும் உப்பு அப்படித்தான் தின்னும், அதுவும் மூடிய இடுக்குகளில். ‘இது அப்பா எண்பதில இருந்து கட்டினது, வன்னிய விட்டு வெளிய போகேல்லை’ என்று ஒருவர் சொல்லி, உள்ளே குழியும் இல்லை, முகப்பில் புள்ளியும் இல்லை என்றால், கதை ஒரு ஊர், மணிக்கூடு இன்னொரு ஊர். மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறிய எழுத்தும் திகதியும் தெரிந்தால் மகிழுங்கள். திருத்தினவர் வைத்த அடையாளம் அது. விற்பவரின் வாயைவிட அதை நம்பலாம்.

கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் என்ற பெயரைச் சேர்த்தால் விலை ஏறும் என்று சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். ‘செல் விழுந்த நேரத்தில நிண்டுபோன மணிக்கூடு’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். ஒட்டோமற்றிக் கையை விட்டுக் கழன்ற பிறகும் ஒன்றரை நாளளவில் ஓடும். முறுக்கு இறங்கிய நேரத்தைத்தான் அந்த முள் காட்டுகிறது. இன்னொரு கதை அரைமணி வித்தியாசம். 1996இல் அரசாங்கம் நேரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, பிறகு அரைமணியாகக் குறைத்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தவர்கள் முள்ளைத் திருப்பிக்கொண்டது உண்மை. அதை வைத்து, ‘2009இல வன்னி நேரத்துக்கு வைச்ச மணிக்கூடு’ என்று விற்கப் பார்ப்பவரிடம், 2006 ஏப்ரலில் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டதே என்று கேளுங்கள். 2009இல் இரண்டு பக்கமும் ஒரே நேரம்தான்.

இந்த வகைச் சாமானை நான் பொய் என்று தெரிந்தாலும் வாங்குவதில்லை, மெய் என்று தோன்றினால் இன்னும் வாங்குவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. 2023இல் முல்லைத்தீவுப் பக்கம் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வந்தன. தோண்டுதல் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் நடந்தது. உடலோடு கிடைக்கிற ஒரு மணிக்கூட்டின் தொடர் எண்ணும், மூடிக்குள் இருக்கிற கீறலும், யாரோ ஒரு தாய் தேடிக்கொண்டிருக்கிற விடையாக இருக்கக்கூடும். மண்ணுக்குள் இருந்து எடுத்தது என்று தெரிந்தால் கழுவவோ திறக்கவோ வேண்டாம். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, சட்டத்தரணி ஒருவர் மூலம் நீதிமன்றத்துக்குத் தெரியப்படுத்துங்கள். பழைய இரும்போடு நிறுத்து விற்க வருகிறவர்களிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

கடைசியாகத் திருத்தம். மெசினைத் துப்புரவாக்கி எண்ணெய் இடுவது அவசியம். மணிக்கூட்டின் உடலைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது கூடாது. விளிம்புகளின் கூர்மை போனால் திரும்பி வராது, போனதைப் பார்த்த கண்ணுக்கு விலையும் இறங்கும். முகப்பு அழுகிப்போய் வேறு வழியில்லாமல் மாற்றினால், கழற்றியதைச் சின்னப் பொட்டலத்தில் போட்டு மணிக்கூட்டோடு வையுங்கள். விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்து, மாற்றின விபரத்தைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். துண்டைக் கண்டதும் விலையைக் குறைக்கச் சொல்வார்கள். கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம்.