அவிழ்த்து விட்ட நாயும் நம் வீட்டுப் பிள்ளையும்

நாய் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "நஜீஸ், கிட்டப் போகாதே" என்பதுதான். மஸ்அலா தெரிந்த குடும்பங்கள் என்பதற்கு அது அடையாளம். அதில் குறை காண இடமில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு பாடத்தை நிறுத்தி விடுவதால் நம் பிள்ளைகளுக்கு நேரக்கூடிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இம்மாதம் சற்று விளக்கமாகப் பேச நாடுகிறோம்.

முன்பெல்லாம் நாம் கண்ட நாய்கள் தெருநாய்களும் தோட்டக் காவல் நாய்களும்தாம். இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் வளர்ப்பு நாய்கள் பெருகிவிட்டன. நம் பிள்ளைகள் காலையில் மதரஸாவுக்கு ஓதப் போகும் நேரமே பலர் நாயை உலாத்த அழைத்து வரும் நேரமாகவும் இருக்கிறது. சிலர் கயிற்றைக் கழற்றிக் கையில் சுற்றி வைத்துக் கொண்டு, நாயை அதன் போக்கில் விட்டு விடுகிறார்கள். அது ஓடி வந்து நான்கு வயதுப் பிள்ளையின் முகத்தருகே முகர்கிறது. உடையவர் தூரத்தில் நின்றபடியே, "பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது" என்கிறார். பிள்ளை அலறுகிறது. தாய் அதைவிட உரக்க அலறுகிறாள். பிள்ளை ஓட, நாய் துரத்துகிறது. பயந்து ஓடுகிற பிள்ளை தெருவில் வண்டி வருவதையா பார்க்கும்?

"ஒண்ணும் செய்யாது" என்ற சொல் எவ்வளவு தூரம் நம்பத் தக்கது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், அங்கே காவல் வேலை பார்த்தவரின் ஐந்து வயதுப் பெண் குழந்தையை ராட்வைலர் இனத்து வளர்ப்பு நாய்கள் இரண்டு கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாயும் காயப்பட்டார். நாய்களை வளர்த்தவர் கைது செய்யப்பட்டார். கைது நடந்தது உண்மை. அந்தக் குழந்தை பட்ட வேதனையைத் திருப்பி எடுக்க யாரால் முடியும்?

மார்க்கம் சொல்வது என்ன?

நாயைப் பற்றி மார்க்கம் சொல்லியிருப்பவற்றில் ஒரு பாதியை மட்டும் நாம் மனத்தில் வைத்திருக்கிறோம். வேட்டை, கால்நடை, வேளாண்மை ஆகிய தேவைகள் இன்றி நாய் வளர்ப்பவரின் நன்மைகள் நாள்தோறும் குறைகின்றன என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருப்பதை அறிவோம். மறு பாதியையும் பாருங்கள். பழக்கப்படுத்தப்பட்ட நாய் பிடித்த வேட்டைப் பிராணியை உண்ணலாம் என்ற அனுமதி சூரத்துல் மாயிதாவில் இருக்கிறது. குகைத் தோழர்களோடு அவர்களுடைய நாயையும் சூரத்துல் கஹ்பு குறிப்பிடுகிறது. தாகத்தால் நாக்குத் தொங்கி நின்ற நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தம் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயால் கவ்வி ஏறி வந்து புகட்டிய மனிதரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது.

ஆகவே நாய் வெறுக்கப்பட வேண்டிய படைப்பன்று. நஜீஸ் என்பது கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியதைப் பற்றிய சட்டம். கல்லெறியவோ, விஷம் வைக்கவோ, பிள்ளைகளை நடுநடுங்கச் செய்யவோ அதில் ஆதாரம் இல்லை.

கழுவும் மஸ்அலா

ஷாபிஈ மத்ஹபில் நாய் கடுமையான நஜீஸ். அதன் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீராக இருக்க வேண்டும். ஹனபி மத்ஹபில் அதன் எச்சில் நஜீஸ். உடலே நஜீஸ் என்பது அங்கே பத்வாவுக்குரிய சொல் அன்று. எச்சில் பட்டதை மூன்று முறை கழுவினால் போதும். நம் கடற்கரை ஊர்களில் ஷாபிஈகளும் பிற இடங்களில் ஹனபிகளும் மிகுதியாக இருப்பதால் இரண்டையும் சொன்னோம். அவரவர் தத்தம் மத்ஹபின்படி நடந்து கொள்ளலாம்.

இதில் பலர் அறியாத மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று, இரு பக்கமும் உலர்ந்திருந்தால் நஜீஸ் ஒட்டாது. நாயின் உலர்ந்த ரோமம் பிள்ளையின் உலர்ந்த சட்டையில் உரசிச் சென்றால் கழுவ வேண்டிய கடமை இல்லை. இரண்டு, ஈரம் பட்டதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் படவில்லை என்றே கொள்ள வேண்டும். சந்தேகத்தால் உறுதி நீங்காது என்பது பிக்ஹின் அடிப்படை. மூன்று, நாய் பட்டதால் உளூ முறியாது. பட்ட இடத்தைக் கழுவினால் தீர்ந்தது.

ஆக, மிகக் கடுமையான சொல்லை எடுத்துக் கொண்டாலும் இது ஏழு செம்புத் தண்ணீரும் ஒரு பிடி மண்ணும் கொண்டு முடிகிற வேலை. இதற்காகப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி வைத்து, "தொடாதே, வராதே, பாயில் உட்காராதே" என்று அக்கம் பக்கம் கேட்கக் கூச்சலிடுவது ஏன்?

மறைக்கும் பிள்ளை

நாம் சொல்ல வந்த ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நாய் நக்கியதற்கே வீட்டில் இத்தனை ஏச்சு என்று ஒரு முறை கண்ட பிள்ளை, மறு முறை நாய் பல்லால் கீறினாலும் சொல்லாது. கைலியைச் சற்று இறக்கிக் கட்டிக் கொள்ளும். பாவாடையால் மூடிக் கொள்ளும். "முள் கிழித்தது" என்று சொல்லும். சிறு காயம் இரண்டு நாளில் ஆறியும் விடும். ஆனால் அந்த நாய்க்கு வெறிநோய் இருந்திருந்தால், கிருமி நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்லப் போய்க் கொண்டிருக்கும். வாரங்கள் கழித்தோ மாதங்கள் கழித்தோ நோய் வெளிப்படும். வெளிப்பட்ட பின் அதற்கு மருந்து இல்லை என்றே சொல்ல வேண்டும்; ஏறக்குறைய எல்லாருமே இறந்து போகிறார்கள். வெளிப்படுவதற்கு முன் முறையாக ஊசி போட்டுக் கொண்டாலோ, காப்பாற்றி விடலாம். வெறிநாய் என்று சந்தேகிக்கப்படும் பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

ஆகவே பிள்ளை உண்மையைச் சொல்லும் வீடாக நம் வீடு இருக்க வேண்டும். "நாய் பட்டதா? பரவாயில்லை, வா கழுவுவோம். கடித்ததா, கீறியதா, உம்மாவிடம் காட்டு" என்ற மென்மையான சொல் பிள்ளையின் உயிரைக் காக்கும். பாலிகாகாத பிள்ளைக்கு மார்க்கத்தில் குற்றம் எழுதப்படுவதில்லை. அல்லாஹ் எழுதாத குற்றத்தை நாம் எழுதலாமா?

கடித்தால் செய்ய வேண்டியது

கடி, நகக் கீறல், முன்பே இருந்த புண்ணில் நாயின் நாக்குப் படுதல், கண்ணிலோ வாயிலோ எச்சில் தெறித்தல் இவை எல்லாவற்றுக்கும் வைத்தியம் வேண்டும். உடனே குழாயடியில் காயத்தை வைத்துச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது.

இங்கே ஒரு மஸ்அலாவை அழுத்திச் சொல்கிறோம். ஏழு முறைக் கழுவலில் மண் வேண்டும் என்பதற்காகத் திறந்த காயத்தில் மண்ணைத் தேய்த்து விடாதீர்கள். மண்ணால் ரணஜன்னி முதலிய நோய்கள் வரும். தீங்கு வருமென்று அஞ்சும் இடத்தில் மார்க்கம் நிர்ப்பந்தத்தை ஏற்றுக் கொள்கிறது. துணியையும் காயமில்லாத தோலையும் முறைப்படி கழுவிக் கொள்ளலாம். காயத்தை முதலில் வைத்தியருக்கு விடுங்கள். அது ஆறும் வரை உளூ, தொழுகை பற்றிய விவரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

கழுவியதும் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். அங்கே வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் இன்னும் பயமுறுத்துவதுண்டு. அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. இப்போது கையில் தோலுக்குள் போடும் ஊசி. முதல் நாளும் அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களும் போட வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். "வளர்ப்பு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே" என்று எண்ணி வீட்டிலேயே இருந்து விடக் கூடாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியர். இரண்டு ஊசியோடு நிறுத்துவதும் தவறு.

பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியவை

நாய் நெருங்கி வந்தால் ஓடாதே, கத்தாதே. மரம் போல் நில். கைகளை உடம்போடு சேர்த்துக் கொள். அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் தரையைப் பார். முகர்ந்து விட்டு அது போனபின் மெல்ல நட. கீழே தள்ளி விட்டால் சுருண்டு படுத்துக் கொண்டு, காதையும் கழுத்தையும் கைகளால் மூடிக் கொள். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், இவற்றின் அருகே போகாதே. என்ன நடந்தாலும் வீட்டில் வந்து சொல்.

இவ்வளவுதான் பாடம். அலிப், பே சொல்லித் தருவது போலத் திரும்பத் திரும்பச் சொல்லி, வீட்டுக் கூடத்தில் வைத்து நின்று காட்டச் சொன்னால் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக் கொள்வார்கள். பெரியவர்கள் கூட இருந்தால் பிள்ளையைப் பின்னால் விட்டு, நாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் தாம் நிற்க வேண்டும். தாயின் அலறல் பிள்ளையையும் வெருட்டும், நாயையும் வெருட்டும்.

உடையவரிடம் பேசும் முறை

பாதைகளில் உட்காருவதை நபி (ஸல்) அவர்கள் தவிர்க்கச் சொன்னபோது, தமக்கு வேறு வழியில்லை என்று ஸஹாபாக்கள் முறையிட்டார்கள். அப்படியானால் பாதையின் ஹக்கைக் கொடுங்கள் என்றார்கள் நபியவர்கள். பிறருக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதும் அந்த ஹக்குகளில் ஒன்று. பிராணியோடு செல்பவர், இரவானாலும் பகலானாலும், அது விளைக்கும் நஷ்டத்துக்குப் பொறுப்பாளி என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். நாட்டுச் சட்டமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு, தம்மிடமுள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

ஆகவே நாயைக் கயிற்றில் பிடிக்கச் சொல்வது நம் உரிமை. அந்த உரிமையை நல்ல சொல்லால் கேட்க வேண்டும். "ஐயா, சின்னப் பிள்ளை வருகிறது, நாயைக் கொஞ்சம் பிடித்துக் கொள்ளுங்கள்" என்று தொலைவிலிருந்தே, சிரித்த முகத்தோடு, உறுதியாகச் சொல்லுங்கள். "எங்கள் மார்க்கத்தில் நாய் ஆகாது" என்று தொடங்கினால் பேச்சு வேறெங்கோ போய் வீண் மனத்தாங்கலில் முடியும். பிள்ளையின் பாதுகாப்பு எந்த மதத்தவருக்கும் புரியும் நியாயம். அதே பூங்காவில் அவருடைய பேரனும் விளையாடுகிறான். பலமுறை சொல்லியும் கேளாதவர் விஷயத்தைக் குடியிருப்புச் சங்கத்திடமும், பிறகு நகராட்சியிடமும், தேவையானால் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாய்க்கு விஷம் வைப்பதோ உடையவரை வைவதோ முஃமினின் வழியன்று.

தோட்டங்காவலுக்கும் கால்நடைக் காவலுக்கும் நாய் வைத்திருக்கிற நம் சகோதரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே சட்டம்தான். அடுத்த வீட்டுப் பிள்ளை பயந்து ஒதுங்கிப் போகும்படி நம் நாய் தெருவில் நின்றால், பாதையின் ஹக்கைக் கெடுத்தவர் நாமே.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்கள் உடையில் பட்ட நஜீஸைக் கழுவத் தண்ணீர் இருக்கிறது. ஏச்சுக்குப் பயந்து அவர்கள் மறைத்த காயத்தைக் கழுவ, காலம் கடந்த பின் எதுவும் இல்லை. இன்று மஃரிபுக்குப் பின் பிள்ளைகளை அருகில் அழைத்து, நாய் வந்தால் எப்படி நிற்பாய் என்று கேட்டுப் பாருங்கள். நின்று காட்டட்டும். பிறகு, "எது நடந்தாலும் எங்களிடம் சொல்வாயா?" என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் தயங்காமல் ஆம் என்று சொல்லும்படி நம் வீடுகள் அமைய, எல்லாம் வல்ல அல்லாஹ் தௌபீக் செய்வானாக. ஆமீன்.