ஏற்கெனவே உள்ளே வந்தவன்தானே?

அன்புத் தம்பிக்கு,

"லோக்கல் ஓட்டைதானே ஐயா, ஏற்கெனவே உள்ளே வந்தவனுக்குத்தானே அது பயன்படும்?" என்று கேட்டிருந்தாய். பாதுகாப்பு ஓட்டை பற்றிய அறிக்கையில் 'லோக்கல்' என்று கண்டதும் அதை ஓரம்கட்டுவது அனுபவசாலிகளிடமும் உள்ள கெட்ட பழக்கம். உள்ளே வர ஒரு மின்னஞ்சல் இணைப்பு போதும். ஆனால் வந்தவனுக்குக் கிடைப்பது அந்த ஊழியரின் உரிமை மட்டுமே. அதை இயங்குதளத்தின் மையமான கர்னல் வரை ஏற்றிவிடுவது இந்த லோக்கல் ஓட்டைதான்.

டெல் கணினிகளில் ஃபர்ம்வேர் புதுப்பிக்கும் கருவிகளோடு வந்த 'டிபியூட்டில்_2_3.சிஸ்' என்ற டிரைவரைப் பார். 2009 முதல் புழக்கத்தில் இருந்தது. அதன் குறைகளை 2021 மே மாதம்தான் சென்டினல்ஒன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஃபர்ம்வேரைத் தொட கர்னல் உரிமை தேவை, அதில் தப்பில்லை. ஆனால் கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர்கூட அந்த டிரைவருக்குக் கட்டளை அனுப்ப முடிந்தது. நினைவகத்தில் எங்கிருந்து எடுத்து எங்கே எழுதுவது என்பதையும் அனுப்புகிறவரே சொல்லலாம். டிரைவர் மறுபேச்சில்லாமல் எழுதும். கர்னலில் தன் புராசஸின் உரிமைகளைக் குறிக்கும் டோக்கனைத் திருத்திவிட்டால் போதும், சாதாரணப் பயனர் கணினிக்கே எஜமான் ஆகிவிடுவார். கடவுச்சொல் எதையும் திருட வேண்டியதில்லை.

நார்ம் ஹார்டி 1988இல் எழுதிய 'தி கன்ஃப்யூஸ்டு டெபுட்டி' சில பக்கக் கட்டுரைதான்; டிரைவர் எழுத வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். டைம்ஷேர் நிறுவனத்தில் ஒரு கம்பைலருக்குத் தன் கோப்பகத்தில் புள்ளிவிவரம் எழுத உரிமை தந்திருந்தார்கள். பில்லிங் கோப்பும் அங்கேதான் இருந்தது. ஒரு பயனர் தன் டீபக் வெளியீட்டுக்கு அந்தப் பில்லிங் கோப்பின் பெயரையே கொடுத்தார். கம்பைலர் அதன்மேல் எழுதி அழித்துவிட்டது. எழுதச் சொன்னவர் ஒருவர், எழுதும் உரிமை இன்னொருவருடையது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் டிரைவர்களில் அதே கதை! கேட்பவர் யார், கேட்கும் முகவரி யாருடையது என்று சோதிக்காமல் டிரைவரை வெளியிடுவதைச் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த டெல் டிரைவர் உன் கணினியில் இல்லாவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிடாதே. 2021 இலையுதிர்காலத்தில் நெதர்லாந்தில் ஒரு விமான-விண்வெளித் துறை ஊழியரையும் பெல்ஜியத்தில் ஒரு பத்திரிகையாளரையும் போலி அமேசான் ஆவணங்களால் வளைத்த லாசரஸ் என்ற ஹேக்கர் குழு, இதே டிரைவரைக் கையோடு கொண்டுவந்தது. டெல்லின் கையொப்பம் இருந்ததால் விண்டோஸ் அதை ஏற்றுக்கொண்டது. டிரைவரை ஏற்ற அட்மின் உரிமை வேண்டும்; அது கிடைத்த பிறகும் அவர்களுக்குக் கர்னல் தேவைப்பட்டது. காவல் மென்பொருள்கள் நம்பியிருக்கும் கண்காணிப்பு வசதிகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைத்தான் அணைத்தார்கள்.

இப்படிப்பட்ட டிரைவர்களைத் தடுக்கும் பட்டியல் விண்டோஸ் 11இன் 2022 அப்டேட் முதல் இயல்பாகவே இயங்குகிறது. உன் கணினியில் 'கோர் ஐசோலேஷன்' பக்கத்தைத் திறந்து, அது அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

அன்புடன்,
உன் ஆசிரியர்