கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி

கேள்வி: என் மகள் மூன்றாம் ஆண்டு. நான்காம் ஆண்டுக் கணக்கைத் தானே போட்டுவிடுகிறாள். அவளைப் போன்றவர்களுக்குப் பள்ளியில் நடக்கும் வளப்படுத்தும் வகுப்பைப் பணமில்லை என்று நிறுத்தப் பார்க்கிறார்கள். தலைமையாசிரியருக்கு அக்கறையில்லையா? முன்பு ஆண்டு தாண்டிப் போக ஒரு தேர்வு இருந்ததாமே?
– வாசகி, ஜாசின் மாவட்டம், மலாக்கா

பதில்: சகோதரி, இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சில் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். நல்லதுதான், இரண்டாவதை அவிழ்த்தால் முதலாவதுக்கும் வழி தெரிகிறது.

பணம் இல்லையென்றால் தலைமையாசிரியர் மனம் வைக்கவில்லை என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அது காரணமல்ல. அரசு தரும் பாட மானியம் 'பிசிஜி', அதாவது பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும் பணம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்துக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபின், மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றில் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். 150 பேருக்குக் கீழே இறங்கினால் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. தலை குறைந்தால் பணமும் குறைகிறது.

அப்போது கத்தரி முதலில் தேடுவது கெட்டிக்காரப் பிள்ளைகளின் வகுப்பை. 'அதுகள் தானாகப் படித்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கைதான் காரணம். அது தவறு. தெரிந்த கணக்கையே ஆண்டு முழுதும் போடும் பிள்ளைக்குத் தெரியாத கணக்கோடு மல்லுக்கட்டும் பழக்கமே வராது.

நீங்கள் கேள்விப்பட்ட தேர்வு 'பி.டி.எஸ்.' 1996இல் வந்தது. மூன்றாம் ஆண்டில் அதில் தேறியவர்கள் நேரே ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம். ஆனால் தேறியே தீரவேண்டும் என்று பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளை நெருக்கியதால் 2001இல் அதைக் கைவிட்டார்கள். கெட்டது நெருக்கடிதான், தயாராக இருக்கும் பிள்ளை அடுத்த படி ஏறலாம் என்ற எண்ணத்தில் பிழையில்லை.

அந்த எண்ணத்துக்குத் தேர்வும் வேண்டாம், மானியமும் வேண்டாம். பாடவாரி முன்னேற்றம் போதும். அதாவது ஆண்டைத் தாண்டாமல் ஒரு பாடத்தில் மட்டும் முன்னே போவது. கணித நேரத்தில் உங்கள் மகள் நான்காம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். இரு வகுப்புக்கும் கணிதம் ஒரே வேளையில் வரும்படி கால அட்டவணையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சிறிய பள்ளியில் இது இன்னும் சுலபம். நடுவில் இருப்பது ஒரு சுவர்தானே!

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் "என் மகள் கெட்டிக்காரி" என்று தொடங்காதீர்கள். அங்கே வந்திருக்கும் எல்லார் பிள்ளையும் அப்படித்தான். அவள் பயிற்சிப் புத்தகத்தைக் காட்டுங்கள். பின்தங்கிய பிள்ளைகளின் குறைநீக்கல் வகுப்போடு போட்டியும் போடாதீர்கள். அவர்களும் நம் பிள்ளைகளே. பணம் கேட்டால் பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போகும். ஒரு நாற்காலி கேளுங்கள்.