மந்தர ஸ்தாயியில் கௌபாய் நாதம்

இத்தாலிய டைரக்டர் செர்ஜியோ லியோனே 1964-இல் எடுத்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ முதலான கௌபாய் படங்களுக்கு என்னியோ மோரிகோனே அமைத்த சங்கீதத்தில், சீழ்க்கைக்கும் சாட்டையொலிக்கும் நடுவே கணீரென்று எழும்பும் கிட்டார் நாதத்தைத் தங்கள் பேஸ் கிட்டாரிலோ பாரிட்டோனிலோ வரவழைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதற்காரியமாக ஆம்ப்பின் ‘பேஸ்’ குமிழைத் தாராளமாகத் திருகி வைக்கிறார்கள். என் அனுபவம் இதற்கு நேர் விரோதமானது. கனத்த தந்தியை எடுத்துக்கொண்டு அதன் கனத்தையெல்லாம் வடித்துவிடுவதே இந்த வித்தை.

சாதாரண கிட்டாரைவிட, ஷட்ஜத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள தூரம் கீழே சுருதி சேர்க்கும் பாரிட்டோனில் பாதி வேலை தானாகவே முடிந்துவிடுகிறது. ஃபெண்டர் கம்பெனியார் 1961-இல் வெளியிட்ட, 30 அங்குலத் தந்தி நீளமுள்ள ‘பேஸ் சிக்ஸ்’ கைக்கு அகப்பட்டால் பாக்கியந்தான். நான்கு தந்தி பேஸில்தான் யோசனை வேண்டியிருக்கிறது. அதன் டி தந்தியில் இரண்டாம் ஃபிரெட்டில் பிறக்கும் ஸ்வரமே சாதாரண கிட்டாரின் அடித்தந்தி ஸ்வரமாதலால், நாம் தேடும் மெட்டுகள் டி, ஜி என்ற இரண்டு தந்திகளிலேயே குடியிருக்கின்றன என்பது தெளிந்த பிறகு நான் மற்ற இரண்டையும் அநேகமாகத் தொடுவதேயில்லை.

விரலால் மீட்டுவது இங்கே உதவாது. தடித்த பிக்கை இறுகப் பிடித்து, பிரிட்ஜிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, மேலிருந்து கீழாக மட்டுமே ஓங்கி அடிக்க வேண்டும். அந்த இடத்தில் தந்தி விறைப்பாக இருப்பதால் முதல் ஓசை உலோகம்போல் தெறித்து, உடனே மெலிந்து நீளும். உள்ளங்கையின் அடிப்பாகத்தைத் தந்திமேல் லேசாகச் சாய்த்தாலோ நாஷ்வில் ஸ்டூடியோக்களில் பிரசித்தமான ‘டிக்-டாக்’ பேஸின் கொட்டுச் சத்தம் வந்துவிடும். அதுவும் ரஸமானதே, ஆனால் வேறு ஊர்ச் சரக்கு.

ஸ்பிரிங் ரிவர்ப் இல்லாமல் இந்த நாதம் இல்லை. ஆயினும் கீழ்ஸ்தாயி ஒலி அதில் நுழைந்தால் எதிரொலி சேறாகக் குழம்பிவிடுமென்பதால், மூல ஒலியைத் தனியே விட்டு, ரிவர்ப்புக்குப் போகும் கிளையில் மட்டும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டதை நான் வெட்டிவிடுகிறேன். ட்ரெமலோவை ரிவர்ப்புக்குப் பின்னால் வைத்தால் எதிரொலியின் வாலும் சேர்ந்து துடிக்கும்.

மோரிகோனேக்குக் கிட்டார் வாசித்த அலெஸ்ஸாண்ட்ரோனியே அப்படங்களில் சீழ்க்கையும் அடித்தவர் என்பதை மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. வாயால் சீழ்க்கையடிக்கிறவன் எங்கே மூச்சு வாங்குவானோ அங்கே கையும் நிற்க வேண்டும். ஸ்வரத்தின் நடுக்கத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடாமல், அது பாதி தேய்ந்த பிறகே விரலை அசைக்க வேண்டும்.

மேடையில் பேஸ்காரர் இப்படி மெட்டெடுக்கப் போய்விட்டால் அடிப்பாகத்தை யார் தாங்குவதென்று பக்கவாத்தியக்காரர்கள் கேட்பார்கள். டிரம்ஸ்காரரைத் தரை டாமிலேயே இருக்கச் சொன்னால் போதும். கீபோர்டுக்காரர் அந்த இடத்தை நிரப்ப முன்வந்தால் மரியாதையாகத் தடுத்துவிடுவது உத்தமம்.